மதிலைக் கட்டியவர் யார்?

(கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரை)



ஐரோப்பியர் ஆட்சி பரவுவதற்கு முன்னர் ஆபிரிக்க மக்கள் வாழ்ந்த வாழ்வைப் பற்றிப் பேசுமாறு வாசிகசாலையினர் நம்மைக் கேட்டிருந்தனர். வரும் வழியில் ஓர் அன்பர், "நமக்கும் அந்தக் கண்டத்துக்கும் என்ன தொடர்பு, ஐயா?" என்று வினவினார். அவர் கமக்காரர். "உங்கள் தறையில் விளையும் குரக்கனைக் கேளுங்கள்" என்றோம். அவர் சிரித்தார். நாம் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

குரக்கன் நமது நாட்டுப் பயிர் என்றே நாமெல்லாம் எண்ணியிருக்கிறோம். அது எதியோப்பியா முதல் உகண்டா வரையுள்ள மேட்டு நிலங்களில், அங்கு வாழ்ந்த மக்களால், காட்டுப் புல்லிலிருந்து தெரிந்தெடுத்துப் பயிராக்கப்பட்டது. இறுங்கு சூடான் பகுதியில் பயிராக்கப்பட்டது. கம்பு சகாரப் பாலைவனத்தின் தென் விளிம்பிலே, மேற்கு ஆபிரிக்க மக்களின் கையில் உருவானது. நம் முற்றத்துப் புளியமரத்தின் பூர்வீகமும் ஆபிரிக்காவே. மன்னாரிலும் நெடுந்தீவிலும் நிற்கும் பெருக்குமரத்தைப் பார்க்காதவர் இங்கே சிலரே இருப்பர். அராபிய வணிகர் அதனைக் கொணர்ந்து நட்டனர் என்பர். கடல் இவற்றைக் கொண்டுவந்து சேர்த்தது. ஆனால் காட்டுப் புல்லை உணவுத் தானியமாக்குவது கடலின் வேலையன்று. நல்ல கதிரைப் பார்த்து, அதன் விதையை எடுத்து வைத்து, அடுத்த மாரிக்கு விதைத்து, தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்த உழவர் செய்த வேலை அது. அந்த உழவரின் பிள்ளைகளுக்கே வரலாறு இல்லையென்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகத்துக்குப் போதிக்கப்பட்டது.

போதித்தவர் சாமானியர் அல்லர். 1837ஆம் ஆண்டில் அச்சேறிய விரிவுரைகளிலே ஹேகல் என்னும் யேர்மானியத் தத்துவ ஞானி, ஆபிரிக்காவை உலக வரலாற்றின் எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டார். அவராவது அக்கண்டத்தின் உட்பகுதியை ஐரோப்பா நன்கு அறியாத காலத்தவர் என்று பொறுத்துக்கொள்ளலாம். 1963ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையின் வரலாற்றுப் பேராசிரியர் ஹியூ ட்றெவர்-ரோப்பர், ஆபிரிக்காவில் ஐரோப்பியர் புரிந்தவற்றுக்கே வரலாறு உண்டு, மற்றையது இருள் என்னும் கருத்தை விரிவுரையிலே எடுத்துரைத்தார். அதே ஆண்டு மே மாதத்தில் 32 சுதந்திர ஆபிரிக்க நாடுகள் அடிஸ் அபாபா நகரிற் கூடித் தமது ஒற்றுமை நிறுவனத்தைத் தோற்றுவித்திருந்தன. பேராசிரியரின் இருளிலிருந்து 32 கொடிகள் எழுந்திருந்தன என்பதை அவர் கவனித்தாரோ, அறியோம்.

இன்று நாம் அக்கண்டத்தின் அரசுகளை எல்லாம் வரிசையாகச் சொல்லப்போவதில்லை. 1324ஆம் ஆண்டில் மக்கா யாத்திரை சென்ற மாலி மன்னன் மூசா வழங்கிய பொன்னால் கெய்ரோ நகரிற் பொன் விலை வீழ்ந்த கதை உண்டு. திம்புக்குத்து நகரத்து ஏடுகளும், எதியோப்பியாவின் லாலிபெலாவில் ஒரே பாறையிற் குடைந்த தேவாலயங்களும், 1897இல் ஆங்கிலேயர் கொள்ளையிட்ட பெனின் நகரத்து வெண்கலச் சிற்பங்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலைப் பொழுது வேண்டும். நாம் ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அங்கே இரண்டு வரலாறுகள் கிடக்கின்றன. ஒன்று அவ்வூரைக் கட்டியவரின் வரலாறு. மற்றையது, அவர் கட்டவில்லை என்று நிலைநாட்ட முயன்றவரின் வரலாறு.

அவ்வூரின் பெயர் பெருஞ்சிம்பாப்வே. தென் ஆபிரிக்கக் கண்டப் பகுதியிலே சாம்பேசி நதிக்கும் லிம்போப்போ நதிக்கும் இடையில் உயர்ந்த மேட்டு நிலம் ஒன்று உண்டு. மாடு மேய்ப்பதற்கு ஏற்ற புல், தானியத்துக்கு ஏற்ற மழை, பாறைகளுக்கிடையே பொன். சோனா மொழி பேசும் மக்களின் நாடு அது. அம்மொழியிலே சிம்பாப்வே என்றால் கல்வீடுகள் என்று பொருள்; போற்றத்தக்க வீடுகள் என்றும் பொருள் கூறுவர். 11ஆம் நூற்றாண்டளவில் அங்கே குடியேற்றம் வளரத் தொடங்கியது. 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளிற் பெரிய மதில்கள் எழுந்தன. 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அதன் பெருமை மங்கிற்று.

ஏறக்குறைய 720 ஹெக்டேயர் பரப்பில் அதன் சிதைவுகள் கிடக்கின்றன. ஒரு குன்றின் மேல் ஒரு தொகுதி. கீழே பள்ளத்தாக்கில் ஒரு தொகுதி. இரண்டுக்கும் அப்பால் பெரு வளாகம் எனப்படும் வட்ட மதில். அம்மதிலின் சுற்றளவு சுமார் 250 மீற்றர். உயரம் சில இடங்களில் 11 மீற்றர். அடியில் தடிப்பு 5 மீற்றர் வரை. உள்ளே கூம்பு வடிவிலே உட்குழிவின்றி நிறைகல்லாய் எழுந்த ஒரு கோபுரம். இத்தனைக்கும் சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. கல்லின் மேற் கல்லை அடுக்கிய வேலை. நெடுந்தீவிலே முருகைக்கல்லை அடுக்கி எழுப்பிய வேலிகளைக் கண்டவர், சாந்தின்றிக் கல் நிற்கும் என்பதை அறிவர். ஆனால் அது மார்பளவு. இது ஆறு ஆள் உயரம்.

கல் எங்கிருந்து வந்தது? சுற்றிலும் கருங்கற் பாறைகள் மொட்டைத் தலைகள் போல் எழுந்து நிற்கின்றன. பகல் வெயிலிற் பாறை விரிகிறது. இரவுக் குளிரிற் சுருங்குகிறது. இவ்வாறு விரிந்து சுருங்கி, வெங்காயத் தோல் கழல்வது போல், ஒரே தடிப்புள்ள பலகைகளாக அது கழன்று விழுகிறது. இயற்கை உதவிய அப்பலகைகளை எடுத்தனர். போதாதபோது பாறை மீது தீ மூட்டித் தண்ணீர் ஊற்றிப் பிளந்தனர். பின்னர் செங்கல்லளவாக உடைத்துக்கொண்டனர். அறிவாளர் சிலர் இங்கே ஒன்றைக் கவனித்தனர். பழைய மதில்களிலே வரிசை ஒழுங்கில்லை. கல்லுக்குக் கல் அளவு வேறு. அதன் பின் வந்த மதில்கள் நூல் பிடித்தாற்போல் வரிசை வரிசையாக, மேலே செல்லச் செல்லச் சற்று உள்வாங்கி, நேர்த்தியின் உச்சியில் நிற்கின்றன. கடைசிக் காலத்தவை மீண்டும் கவனமின்றிக் குவிக்கப்பட்டவை. தொழில் அறிந்த அந்நியன் ஒருவன் கப்பலில் வந்திறங்கிக் கட்டியிருப்பானாயின், முதல் மதிலே முதல்தரமானதாக இருந்திருக்கும். இங்கேயோ ஒரு தொழில் அதே மண்ணில் தவழ்ந்து, நடந்து, ஓடி, தளர்ந்தது கண்ணுக்குத் தெரிகிறது. அது மாத்திரமன்று. இதே முறையிற் கட்டிய சிறு சிம்பாப்வேக்கள் அம்மேட்டு நிலமெங்கும் இருநூறுக்குக் குறையாமற் சிதறிக் கிடக்கின்றன.

இம்மதில்கள் கூரை தாங்கவில்லை. பகைவரைத் தடுக்க எழுந்த கோட்டையும் அல்ல; வாயில்களின் அமைப்பு அவ்வாறில்லை. உள்ளே மக்கள் வாழ்ந்தது களிமண் வீடுகளில். குழைத்துத் திமிசுகட்டிய மண்ணாலான, புல் வேய்ந்த வட்ட வீடுகள் அவை. அவற்றின் தளங்கள் சீமெந்துத் தரை போல் இறுகியிருந்தன. மதில் செய்த வேலை வேறு: மேன்மக்களின் முற்றங்களைப் பொதுமக்களின் பார்வையிலிருந்து பிரித்தது. மதிலுக்கு வெளியே நெருக்கமாகக் குடிசைகள் இருந்தன. மதிலுக்குள் வாழ்ந்தவர் மிகச் சிலர். இங்கே நாம் ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். பெருஞ்சிம்பாப்வே சமத்துவ பூமியன்று. குன்றின் மேல் தோண்டியெடுத்த எலும்புகளைப் பார்த்தால், அங்கிருந்தோர் இளங்கன்று மாட்டிறைச்சியைத் தாராளமாக உண்டது தெரிகிறது. கறவைக்கும் உழைப்புக்கும் மாடு வைத்திருக்கும் ஏழை அவ்வாறு உண்ண மாட்டான். அந்நகரில் 18,000 பேர் வாழ்ந்தனர் என்று முன்னர் மதிப்பிட்டனர். அண்மைக் கால ஆய்வாளர் சிலர் 10,000 பேரைத் தாண்டாது என்கின்றனர். எண்ணைப் பெருக்கிச் சொல்வதால் எவருக்கும் பெருமை கூடப்போவதில்லை.

அந்நகரின் செல்வம் எது? பொன் என்று எல்லோரும் சொல்வர். நாம் மாடு என்று சொல்கிறோம். பட்டி பட்டியாக மாடு வைத்திருந்தவனே அங்கே தலைவன். பெண்ணெடுக்கவும் கடன் தீர்க்கவும் ஆட்களைத் தன்பக்கம் சேர்க்கவும் மாடே முதல். குரக்கன், கம்பு, இறுங்கு ஆகியன விளைந்தன. இரும்பு உருக்கி மண்வெட்டி அடித்தனர். நூல் நூற்கும் தக்கிளிக் குண்டுகள் கிடைத்திருப்பதாற் பருத்தி நூற்று நெய்ததும் தெளிவு. இவ்வளவும் இருந்த பின்னரே பொன் பேசுகிறது. அம்மேட்டு நிலத்துப் பொன்னும் யானைத் தந்தமும் கிழக்கே கடற்கரைக்கு இறங்கின. சொபாலாத் துறைமுகத்திலிருந்து பாய்க்கப்பல்களில் வடக்கே கில்வாத் தீவுக்குச் சென்றன. அங்கிருந்து அராபியாவுக்கும் பாரசீகத்துக்கும் இந்தியாவுக்கும் பரந்தன. மாற்றாக வந்தவை எவை? பெருஞ்சிம்பாப்வேயின் ஒரு சிதைவினுள் ஒரே குவியலாக அவை கிடைத்தன. சீனத்துப் பச்சைப் பீங்கான், எழுத்துப் பொறித்த பாரசீகக் கிண்ணம், கண்ணாடிக் கலங்கள், ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகள். அவற்றோடு அவ்வூர்க் கொல்லர் அடித்த இரும்பு மண்வெட்டிகளும் கிடந்தன. 14ஆம் நூற்றாண்டிற் கில்வாவை ஆண்ட அல்-ஹசன் பின் சுலைமானின் நாணயம் ஒன்றும் அந்நகரிற் கண்டெடுக்கப்பட்டது.

இந்த அந்நியப் பொருள்களைக் காட்டித்தான் பின்னாளிற் சிலர், "பாருங்கள், அந்நியரே இங்கு வாழ்ந்தனர்" என்றனர். நம் வீட்டு அலுமாரியிலும் பாட்டி காலத்துச் சீனப் பீங்கான் இருக்கிறது. வீட்டைக் கட்டியவர் சீனர் என்று எவரும் சொன்னதில்லை.

கில்வாவைப் பற்றியும் இரண்டு சொற்கள். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு பள்ளிவாசலும் அரண்மனையும் எழுப்பிய நகரம் அது. 1331ஆம் ஆண்டில் அங்கு சென்ற இபுனு பதூதா அதனை அழகிய நகரங்களில் ஒன்றாகக் குறித்துள்ளார். சுவாகிலி மொழி பேசிய கடற்கரை மக்கள் ஆபிரிக்கரே. கடல் கடந்து வந்தோரின் குருதியும் மதமும் சொற்களும் அவர்களோடு கலந்தன. அக்கடற்கரையில் அடிமை வாணிகமும் நடந்தது, அதனை மறைப்பதற்கில்லை. 1505ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் போர்த்துக்கேயத் தளபதி பிரான்சிஸ்கோ த அல்மெய்தா கில்வாவிற் படையிறக்கி அதனைச் சூறையாடினான். அப்பெயர் நமக்குப் புதிதன்று. அவனுடைய மகன் லொரென்சோ த அல்மெய்தாவே 1505ஆம் ஆண்டிற் கொழும்புக்கு வந்தவன் என்று நாமெல்லாம் பாடநூலிற் படித்தோம். கில்வாவைச் சூறையாடிய கப்பற்கூட்டமும் நம் கரையைத் தொட்ட கப்பல்களும் ஒரே பயணத்தின் இரு முனைகள்.

பெருஞ்சிம்பாப்வே ஏன் கைவிடப்பட்டது? பெருந்தொகை மக்களும் மாடுகளும் நூற்றாண்டுக் கணக்கில் ஓரிடத்தில் தங்கினால் விறகும் புல்லும் மண்ணின் வளமும் என்னவாகும் என்பது கமக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொன் வாணிகத்தின் பாதையும் வடக்கே சாம்பேசி பக்கம் திரும்பியது. மேற்கே காமி நகரிலும் வடக்கே முத்தாப்பா அரசிலும் அதிகாரம் புதிய வேர் விட்டது. ஆதலால் நகரம் ஓய்ந்தது, மக்கள் ஓயவில்லை. கல் அடுக்கும் தொழிலும் காமியிலே தொடர்ந்தது. முத்தாப்பா மன்னரைப் போர்த்துக்கேயர் மெல்ல மெல்லத் தம் பிடிக்குள் கொணர்ந்தபோது, சங்கமிரே டொம்போ என்னும் தலைவன் தன் ரொஸ்வி படையுடன் எழுந்தான். 1684இல் போர்க்களத்திலே அவர்களை முறியடித்தான். 1690களில் அவர்களை மேட்டு நிலத்திலிருந்தே துரத்தினான். ஐரோப்பிய வல்லரசொன்று ஆபிரிக்க உட்பகுதியில் தோற்றுத் திரும்பிய இச்செய்தி நம் பாடநூல்களில் ஏறவில்லை.

இனி இரண்டாவது வரலாற்றுக்கு வருவோம்.

1871ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்தில் கார்ல் மௌக் என்னும் யேர்மானியர் இச்சிதைவுகளைக் கண்டார். வாயில் ஒன்றின் மேல் இருந்த மரத்துண்டிலிருந்து ஒரு சிராயை வெட்டினார். முகர்ந்தார். தம் கையிலிருந்த பென்சிலின் மரத்தைப் போல் அது செந்நிறமாகவும் மணமாகவும் இருந்தது. பென்சில் கேதாரு மரத்தாலானது. ஆகவே இதுவும் கேதாரு. கேதாரு லீபனோனிலிருந்துதான் வந்திருக்கும். லீபனோனிலிருந்து கொணர்ந்தவர் பினீசியர். ஆகவே இது சேபா நாட்டு இராணியின் மாளிகை! ஒரு பென்சிலைக் கொண்டு இவ்வளவு பெரிய மாளிகை கட்டியவர் உலக வரலாற்றில் வேறெவரும் இலர். அந்த மரமோ அந்நாட்டுக் காட்டு மரம். சாலமோன் அரசனின் காலத்துக்கும் இம்மதில்களின் காலத்துக்கும் இடையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. மௌக் நேர்மையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. கிறிஸ்தவ வேதத்தில் வரும் ஓப்பீர் தேசத்துப் பொன்னைத் தேடித் திரிந்தவர்; தேடியதைக் கண்டார்.

அவர் கண்ட கனவு பிறர் கையில் ஆயுதமாயிற்று. 1890ஆம் ஆண்டிற் செசில் றோட்ஸின் பிரித்தானிய தென்னாபிரிக்கக் கம்பனி தன் முன்னோடிப் படையை அந்நாட்டுக்குள் நடத்திச் சென்றது. நாட்டுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது: றொடீசியா. அடுத்த ஆண்டே சிதைவுகளை ஆராயத் தியடோர் பென்ற் என்பவர் அனுப்பப்பட்டார். அவர் தோண்டியபோது கிடைத்தவை அயலூரவர் பாவிக்கும் பானையும் இரும்பும் போன்றவையே. எனினும் பண்டைக் காலத்து அந்நியர் கட்டியது என்றே நூல் எழுதினார். 1895இல் சிதைவுகளிலிருந்து பொன் அகழ்வதற்கென்றே ஒரு கம்பனிக்கு உரிமை வழங்கப்பட்டது. அவர்கள் பல சிம்பாப்வேக்களைத் தோண்டி, கல்லறைகளைக் கிளறி, பொன்னணிகளை எடுத்து உருக்கினர். எத்தனை நகை உருகியது என்று கணக்கில்லை. லிம்போப்போவின் தென்கரையிலே மாபுங்குப்வே என்னும் குன்று அவர்கள் கண்ணிற் படவில்லை. 13ஆம் நூற்றாண்டு மன்னரின் கல்லறையிலிருந்து பொற்றகட்டாற் செய்த காண்டாமிருகம் ஒன்று 1930களின் தொடக்கத்தில் அங்கே கிடைத்தது. அதனைப் பார்த்தால், உருக்கப்பட்டவை எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

உருக்கியவரை விடப் பெருங்கேடு விளைத்தவர் ஒருவர் உண்டு. பெருஞ்சிம்பாப்வேயைப் பாதுகாக்கவென 1902இல் நியமிக்கப்பட்ட றிச்சார்ட் ஹால் அவர். பண்டைக் கட்டடத்தைப் பிற்கால ஆபிரிக்கரின் குப்பையிலிருந்து விடுவிக்கிறோம் என்று கருதி, பெரு வளாகத்தினுள்ளே அடிக்கணக்கில் மண்ணை வாரி வெளியே கொட்டினார். அந்தக் குப்பையே சரித்திரம். மண்வீட்டின் தளம், உடைந்த பானை, சாம்பல், எலும்பு யாவும் போயின. ஒரு காணி வழக்கில் உறுதியைக் காப்பாற்ற நியமிக்கப்பட்டவன், அதிற் பிடிக்காத வரிகளைச் சுரண்டி எறிந்தது போன்ற செயல். 1904இல் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மண் திரும்பவில்லை.

1905இல் றண்டல்-மக்கைவர் என்னும் தொல்பொருளாராய்ச்சியாளர் வந்தார். எகிப்திலே பயின்றவர். இவை மத்திய காலத்தவை, ஆபிரிக்கரால் ஆக்கப்பட்டவை என்று தயக்கமின்றிக் கூறினார். குடியேறிய வெள்ளையர் கொதித்தனர். ஹால் மறுப்பு நூல் ஒன்றைத் தடித்ததாகவே எழுதினார். வழக்கு மேலும் இழுபட்டது.

1929இல் பிரித்தானிய விஞ்ஞான சங்கம் கெர்ற்றூட் கேற்றன்-தொம்சன் என்னும் அம்மையாரை அனுப்பியது. அவருடன் சென்றோரும் இரு பெண்களே. அவர்களுள் ஒருவரான கத்லீன் கென்யன் பின்னாளில் யெரிக்கோ அகழ்வாராய்ச்சியாற் புகழ் பெற்றவர். அம்மையார் கிளறப்பட்ட இடத்தைத் தொடவில்லை. எவரும் கைவைக்காத சிதைவொன்றைத் தேடினார். கிணறு வெட்டியவருக்கு அவர் முறை எளிதில் விளங்கும். மேல் மண், மக்கி, களி, கல் என்று படைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. கீழ்ப்படை முந்தியது; மேற்படை பிந்தியது. மதிலின் அடியிலும், உடையாத மண்தளத்தின் அடியிலும் எது கிடக்கிறதோ அது மதிலுக்கு முந்தியது. அங்கே மத்திய காலத்து மணி கிடந்தால், மதில் சாலமோன் காலத்ததாக இருக்க முடியாது. அம்மையார் கண்டது அதுவே. மேலிருந்து கீழ்வரை பானையும் வீடும் ஒரே மரபு; ஆபிரிக்க மரபு. அவ்வாண்டிலேயே தென்னாபிரிக்காவிற் கூடிய விஞ்ஞான சங்கத்தின் முன் அதை அறிவித்தார். 1931இல் நூலாக வெளியிட்டார். அவர் பெயருக்கு ஆத்திரக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றை எல்லாம் பைத்தியம் என்று தலைப்பிட்ட கோவையிலே சேர்த்து வைத்தாராம்.

ஏன் இவ்வளவு ஆத்திரம்? கல்லைப் பற்றிய சண்டையாயின் இவ்வளவு சூடு பிறக்காது. அம்மையார் அறிக்கை வாசித்த மறு ஆண்டைப் பாருங்கள். 1930ஆம் ஆண்டில் தென் றொடீசியாவில் நிலப் பங்கீட்டுச் சட்டம் நிறைவேறியது. வெள்ளையர் அன்று ஏறத்தாழ 50,000 பேர். ஆபிரிக்கர் பத்து இலட்சத்தைச் சூழ. வெள்ளையருக்கு 4 கோடி 90 இலட்சம் ஏக்கர். ஆபிரிக்கருக்கு ஒதுக்கு நிலமும் விலை கொடுத்து வாங்கக்கூடிய நிலமும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடி 86 இலட்சம் ஏக்கர். நல்ல செம்மண்ணும் புகையிரதப் பாதையும் எங்கே இருந்தன, மணற்றரை எங்கே இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய சட்டத்துக்கு ஒரு கதை வேண்டும். "இந்நாட்டிற் பெரியன செய்தவர் என்றோ வந்த வெள்ளை நிறத்தார், இங்குள்ளவர் பின்னர் வந்தேறியவர், நாம் பழைய உரிமைக்குத் திரும்பியிருக்கிறோம்" என்னும் கதை. றோட்ஸ் முதன் முதல் சிதைவுகளைக் காண வந்தபோது, முன்னொரு காலத்தில் வெள்ளையருக்கு உரியதாயிருந்த கோயிலைப் பெரிய துரை பார்க்க வருகிறார் என்று அயற் தலைவர்களுக்கு அறிவிக்கப்பட்டதாக நூல்கள் கூறுகின்றன. காணி உறுதி எழுதும் முன்பே காணியின் வரலாறு எழுதப்பட்டுவிட்டது. மூன்று பெண்கள் ஒரு குழியைத் தோண்டி அந்த உறுதியின் அடியைப் பெயர்த்தனர். ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

விடுதலை இயக்கத்தார் இதனை நன்கறிந்திருந்தனர். 1961ஆம் ஆண்டு டிசெம்பரிற் புதிய கட்சி கண்டபோது, றொடீசியா என்னும் பெயரை விலக்கிச் சிம்பாப்வே என்னும் பெயரையே ஏற்றனர். 1965 நவெம்பர் 11இல் இயன் சிமித்தின் வெள்ளையர் அரசு பிரித்தானியாவிலிருந்து தன்னிச்சையாகப் பிரிந்தது. அதன் பின் மதிலைக் கட்டியவர் யார் என்பது அரசாங்க விஷயமாயிற்று. ஆபிரிக்கரே கட்டினர் என்று உத்தியோகப் பிரசுரங்கள் நிச்சயமாகக் கூறலாகாது; பல கருத்துக்கள் உள எனக் கூறுவதே நடுநிலை என்று நெருக்கடி வந்தது. பாராளுமன்றத்திலும் முறைப்பாடு எழுந்தது. நினைவுச் சின்னங்களின் தலைமைப் பரிசோதகராக 1964 முதற் பணியாற்றிய பீற்றர் கார்லேக் என்னும் வெள்ளையர் அதற்கு உடன்படாமல் 1970இல் நாட்டை விட்டு நீங்கினார். பெருஞ்சிம்பாப்வேயைப் பற்றி அவர் எழுதிய நூல் 1973இல் வெளியாயிற்று. சுதந்திரத்தின் பின் திரும்பி வந்து அங்கே கற்பித்தார். மேலே நாம் குறித்த மக்கைவர், கேற்றன்-தொம்சன், கார்லேக் ஆகியோரும் ஐரோப்பியரே என்பதையும் இச்சபை கவனிக்க வேண்டும். வழக்கு நிறங்களுக்கிடையே நடந்ததாக மட்டும் கொள்வது போதாது. ஆயினும் இன்னொன்றும் உண்டு. அம்மதிலின் நிழலில் வாழ்ந்த சோனா முதியவர்களிடம் இருந்த நினைவுகளை முறையாகக் கேட்டுப் பதிந்தவர், இவ்வளவு ஆண்டுகளிலும், மிகச் சிலர்.

1980 ஏப்ரில் 18இல் நாடு சுதந்திரம் பெற்றது. ஒரு நாடு தன் பெயரைச் சிதைந்த மதிலொன்றிலிருந்து எடுத்துக்கொண்டது. எல்லாம் நலமாய் முடிந்தது என்று நாம் கூற மாட்டோம். புதிய ஆட்சியாளர் மதிலைத் தம் புகழுக்கும் பயன்படுத்தினர். அயலில் வாழும் நெமன்வா, சரும்பிரா முதலிய குலத்தினர், தம் முன்னோருக்கு அங்கே சடங்கு செய்ய விரும்பியபோது, முன்போலவே வேலிக்கு வெளியே நிற்க நேர்ந்தது என்று குறைப்பட்டனர். 1986இல் உலக மரபுரிமைப் பட்டியலில் அவ்வூர் சேர்க்கப்பட்டது. பட்டியலிற் சேர்ந்த இடத்துக்கு நுழைவுச் சீட்டு வேண்டும் அல்லவா!

பறவைகளின் கதையைச் சொல்லி நிறுத்துகிறோம். மாக்கல்லிற் செதுக்கி, உயர்ந்த கற்றூண்களின் தலையில் அமர்த்திய பறவைகள் எட்டு பெருஞ்சிம்பாப்வேயிற் கிடைத்தன. கழுகின் அலகு, மனிதனின் உதடும் பாதமும் போன்ற உறுப்புகள். அவை நாட்டை விட்டுப் பெயர்க்கப்பட்டன. றோட்ஸ் ஒன்றை விலைக்கு வாங்கித் தம் வீட்டில் வைத்தார். பென்ற் சிலவற்றைக் கேப் நகரத்துக்குக் கொண்டு சென்றார். 1981இல் தென்னாபிரிக்க அரசு சில பறவைகளைத் திருப்பிக் கொடுத்தது, இனாமாக அன்று. சிம்பாப்வே நூதனசாலையிலிருந்த குளவி, தேனீ முதலிய பூச்சிகளின் பெருந்தொகுதி ஒன்றை மாற்றாகப் பெற்றுக்கொண்டது.

ஒரு பறவை இரண்டாக முறிந்திருந்தது. மேற்பாதி அந்நாட்டிலேயே இருந்தது. கீழ்ப்பாதியான தூண் ஒரு யேர்மானிய மதபோதகரின் கைக்கு வந்து, 1907இல் பேர்லின் நூதனசாலைக்கு விற்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் ருசியப் படையினர் அதனை லெனின்கிராட்டுக்கு எடுத்துச் சென்றனர். பின்னர் அது கிழக்கு யேர்மனியின் லைப்சிக் நகருக்குத் திரும்பியது. யேர்மனி ஒன்றான பின் மீண்டும் பேர்லினுக்கு வந்தது. 2003ஆம் ஆண்டிற் சிம்பாப்வே நாட்டிடம் கையளிக்கப்பட்டது. தூணைக் கொண்டுபோய், அங்கே காத்திருந்த மேற்பாதியின் கீழே வைத்துப் பார்த்தனர். முறிவு சரியாகப் பொருந்தியது.